ஊற்றாமையின் மூச்சு

கீச்சக்கா என்ற பெயர் ஒலிப்பதிவுக் கூடத்தில் விழுந்தது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு கார்ட்டூன் படத்தில் சுண்டெலிக்குக் குரல் கொடுத்தாள். சுண்டெலி சீக்கிரமே பூனை வாய்க்குள் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குப் பேசிவிட்டாள். கதாநாயகியின் தோழி, கதாநாயகனின் அத்தை, பள்ளிக்கூடப் பையன், விமானத்தில் பெல்ட்டைப் போடச் சொல்லும் பெண், தீப்பிடித்த கட்டடத்துக்கு முன்னால் ஐயோ ஐயோ என்று கத்தும் கூட்டத்தில் ஒருத்தி. கதாநாயகி மட்டும் வாய்க்கவே இல்லை.

"உங்க குரல்ல ஒரு அலுப்பு இருக்குக்கா" என்றான் சவுண்டு தம்பி ஒருநாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிறவன் அவன். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. டீயில் சர்க்கரை குறைவாக இருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னான்.

அலுப்புக்கு வீட்டில் காரணம் இருந்தது. மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், அதற்கேற்ற கனம். மூளையில் ரத்தம் கட்டி வலது பக்கம் விழுந்துபோனது. பேச்சும் போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அதிகாரத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது. "தூக்கு" என்பார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, அங்கிருந்து மறுபடி நாற்காலிக்கு. கீச்சக்கா அவருடைய அக்குள்களுக்குக் கீழே கை கொடுத்து, தன் முழங்காலை அவர் முழங்காலில் முட்டுக்கொடுத்து, "ம், எழுந்திரிங்க மாமா" என்று ஒரே தம்மில் தூக்கித் திருப்பி உட்காரவைப்பாள். வைத்துவிட்டு, காலியான கட்டில் ஓரத்தில் தானும் ஒரு நிமிஷம் உட்காருவாள். அப்போது அவளையும் அறியாமல் ஒரு மூச்சு வெளியே வரும். தொண்டையில் முனகலாகத் தொடங்கி, உதட்டில் காற்றாக முடிகிற ஒரு மூச்சு. அப்படி ஒன்று வருகிறதென்று அவளுக்குத் தெரியாது.

புருஷன் குளிர்சாதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். உறைந்த மீனும் இறைச்சியும் வந்து இறங்குகிற இடம். முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது, அப்பாவைத் தூக்க முடியாது என்பது அவர் தரப்பு. முதுகும் பிடித்திருக்கலாம், ஆனால் விஷயம் வேறு. இளவயதில் அப்பா அவரையும் கிரேன் வேலையில் சேர்த்துவிட்டார். ஏணியில் பாதி உயரம் ஏறியவர் கீழே பார்த்தார். அப்படியே கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். ஆள் ஏறிப்போய்ப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. கீழே நின்ற அத்தனை பேர் முன்னாலும் அப்பா சிரித்தார். மற்றவர்கள்கூடச் சிரிக்கவில்லை, அப்பா சிரித்தார். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை.

கல்யாணமாகி வந்த கீச்சக்காவுக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது.

"உன் புருஷன்கிட்ட சொல்லு, ஃபேன் கடகடன்னு சத்தம் போடுதுன்னு."

"அவர்கிட்ட சொல்லு, ஞாயித்துக்கிழம பாக்குறேன்னு."

இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். வீட்டிலும் அவள்தான் இரண்டு பேருக்கும் டப்பிங். போகப்போக வசனத்தையும் மாற்றத் தொடங்கினாள். "எங்க போய்த் தொலைஞ்சான் அந்த நோஞ்சான்?" என்று மாமனார் கேட்டால், "மாமா உங்களத் தேடினாருங்க" என்று புருஷனிடம் போய்ச் சேரும். "இருந்தா இருக்கட்டும், எனக்கென்ன" என்று புருஷன் சொன்னால், "உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாரு மாமா" என்று திரும்பி வரும். இரண்டு பேரும் நம்பினார்களோ இல்லையோ, வண்டி ஓடியது. சம்பளமில்லாத அந்த டப்பிங்கில்தான் அவளுக்கு நாக்கு வறண்டுபோனது.

ஆமை வந்தது அப்படி ஒரு காலத்தில்தான். கேம் கம்பெனியிலிருந்து ஓர் இளம்பெண் மடிக்கணினியோடு கூடத்துக்கு வந்திருந்தாள். விநோத மிருகங்களைத் தேடிப் பிடித்து, வளர்த்து, மற்றவர்கள் வளர்த்த மிருகங்களோடு மோதவிடுகிற விளையாட்டாம். நெருப்புக் கோழி உண்டு, மின்னல் பூனை உண்டு, கல் பன்றி உண்டு. பேச்சு கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து சத்தம் மட்டும்.

"உங்களுக்கு ஆமைக்கா" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள் கம்பெனிப் பெண்.

குண்டு ஆமை. ஓட்டின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு இரண்டு குழாய்கள். கண் மட்டும் பாதி மூடியிருந்தது.

"இது தண்ணில ஓடுற ஆமை. குளத்துல வாய் வச்சு உறிஞ்சிக்கும். ஓட்டுக்குள்ள ஒரு சக்கரம் சுத்தும். நடக்கிறது, மோதுறது, பீய்ச்சி அடிக்கிறது எல்லாமே அந்தத் தண்ணியோட பலத்துலதான். தண்ணி தீந்துபோச்சுன்னா அப்படியே உக்காந்துடும்."

"சாப்பாடு?"

"சாப்பாடெல்லாம் கிடையாதுக்கா. தண்ணி மட்டும்தான்."

"சமைக்கிறவ பிழைச்சா" என்றாள் கீச்சக்கா.

பாய்கிற சத்தம், அடிபடுகிற சத்தம், ஜெயித்த சத்தம் மூன்றும் சட்டென்று முடிந்துவிட்டன. தண்ணீர் தீர்ந்து உட்காருகிற சத்தத்தில்தான் இழுத்தது. முனகிப் பார்த்தாள், சிணுங்கிப் பார்த்தாள், நாய்க்குட்டி மாதிரி அழுதும் பார்த்தாள். "நல்லாருக்குக்கா. ஆனா களைச்சுப்போன மாதிரி நடிக்கிறீங்கன்னு தெரியுது" என்றாள் கம்பெனிப் பெண், கெஞ்சுவதுபோல. அன்று காலை மாமனாரைக் குளிப்பாட்டிவிட்டு, கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள் கீச்சக்கா. நிஜமாகவே களைத்திருப்பவளிடம் போய், களைத்த மாதிரி நடிக்காதே என்றால் அவள் என்னதான் செய்வாள்?

"டீ குடிச்சிட்டு வரலாம்" என்று கம்பெனிப் பெண் எழுந்து போனாள். கீச்சக்கா மைக்குக்கு முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த பஞ்சுப் பலகையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

"அக்கா, அசையாதீங்க!" ஹெட்போனில் சவுண்டு தம்பியின் குரல் கத்தியது. "கிடைச்சிருச்சு."

"எது?"

"இப்ப விட்டீங்களே, அது."

"நான் ஒண்ணும் விடலையே, தம்பி."

அவன் போட்டுக் காட்டினான். யாரோ ஒருத்தி ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த பாரத்தைப் பார்த்துக்கொண்டே விட்ட மூச்சு. அது தன்னுடையது என்று நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கம்பெனிப் பெண் டீ டம்ளரோடு ஓடிவந்தாள், கேட்டாள், சரி என்று தலையை ஆட்டினாள். வேலை முடிந்தது. பஸ்ஸில் வீடு திரும்பும்போதே கீச்சக்கா ஆமையை மறந்துவிட்டாள். மறுநாள் ஒரு பற்பசை விளம்பரம் இருந்தது.

பல மாதம் கழித்து, மாமனாருக்கு உடற்பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பொண்ணு கண்டிப்பாகச் சொன்னாள்: வலது கைக் கட்டைவிரலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பந்தைக் கொடுத்தால் எறிந்துவிடுகிறார், களிமண்ணைக் கொடுத்தால் திட்டுகிறார். கடைசியில் ஒரு பழைய டேப்லெட்டில் விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். "கிரேன் ஓட்டின கை ஐயா இது. திரையில தெரியுற இந்தக் குச்சிய விரலால தள்ளிப் பாருங்க."

"சின்னப்பசங்க சமாசாரம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர், மறுநாள் காலையில் கண்ணாடியைக் கேட்டார். அதற்கு மறுநாள் சார்ஜரைக் கேட்டார்.

அப்புறம் வீட்டில் கொஞ்சம் நிம்மதி. "தூக்கு" என்பதற்கு நடுவே இடைவெளி கூடியது. அவர் குகைகளில் அலைந்தார், மிருகங்களைப் பிடித்தார், முகம் தெரியாத குழந்தைகளிடம் தோற்றார், தோற்கடித்தவர்களை ஏசினார்.

ஒரு மாலை கீச்சக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால், மாமனார் அறையிலிருந்து, அவளே மூச்சு விட்டாள்.

கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் நழுவியது. குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டினாள். மறுபடியும் கேட்டது. முனகலாகத் தொடங்கிக் காற்றாக முடிகிற அதே மூச்சு. ஈரக் கையோடு போய் எட்டிப் பார்த்தாள். டேப்லெட் திரையில் குண்டு ஆமை கால்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பாத்தியா, தண்ணி தீந்துபோச்சு" என்றார் மாமனார், அவளைப் பார்க்காமலே. "இதுக்குப் பேரு ஊற்றாமை. ஊற்று, ஆமை. தண்ணி தீந்துட்டா ஊற்றாத ஆமை. பேரு வச்சவன் லேசுப்பட்டவன் இல்ல."

"வேற நல்ல மிருகம் எதுவும் இல்லையா மாமா? ஓடுறது, பறக்கிறது?"

"இருக்கு. எல்லாம் தலைதெறிக்க ஓடுது. இதுதான் நம்ம வேகத்துக்கு ஒத்து வருது."

நான்தான் மாமா அது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அந்தச் சத்தம் எங்கே பிறந்தது என்றும் சொல்ல வேண்டிவரும். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

அதன் பிறகு நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். துணி மடிக்கும்போது கேட்கும், வெங்காயம் நறுக்கும்போது கேட்கும். மாமனாருக்கோ ஆமை மேல் பிரியம் கூடிக்கொண்டே போனது. குளக்கரைக்கு ஓட்டிப்போய்த் தண்ணீர் நிரப்புவார், சண்டைக்கு அனுப்புவார், அது உட்காரும்வரை விடமாட்டார். "இன்னும் ஒரு அடி, ஒரே ஒரு அடி" என்பார். ஆமை மூச்சுவிடும்.

ஒருநாள் காலை வழக்கம்போல அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினாள். மாற்றிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மடியில் டேப்லெட்டை வைத்துத் திறக்கப்போன மாமனார், விரலை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார். மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல."

அன்று அவர் விளையாடவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் சில மாற்றங்கள் வந்தன. கீச்சக்காவுக்கு உடனே பிடிபடவில்லை. முதலில் அந்தச் சத்தம் நின்றுபோனது. அவர் விளையாடத்தான் செய்தார். ஆனால் பாதித் தண்ணீர் இருக்கும்போதே ஆமையைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார். ஜெயிக்க வேண்டிய சண்டையெல்லாம் தோற்றார். தோற்றும் ஏசவில்லை. பிறகு நாற்காலி வேண்டாம் என்றார். "இன்னிக்குக் கட்டில்லயே இருந்துக்கிறேன்." மறுநாளும் அதையே சொன்னார். தண்ணீர் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளினார். சூப் வைத்தால் ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுக் கிண்ணத்தை அப்படியே விட்டார்.

"குடிங்க மாமா. டாக்டர் என்ன சொன்னாரு?"

"தாகம் இல்லைன்னா விடேன்."

பிடிவாதம் என்றுதான் நினைத்தாள். வயதானால் குழந்தை மாதிரி ஆகிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் சொல்வதையே அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை தூக்கினவள் இப்போது காலையிலும் மாலையிலும் மட்டும் தூக்கினாள். இடுப்பு வலி விட்டது. ஏன் என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு இடுப்புக்கு அது இதமாக இருந்தது.

பிசியோ பொண்ணுதான் சத்தம் போட்டாள். "உதடு வெடிச்சுக் கிடக்கு, நாக்கு காய்ஞ்சு கிடக்கு. என்னக்கா பாத்துக்கிறீங்க?"

மாமனார் கண்ணை மூடித் தூங்குவதுபோலக் கிடந்தார்.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் அது நடந்தது. கூடத்தில் வேலை சீக்கிரம் முடிந்து கீச்சக்கா வீட்டுக்கு வந்தாள். கூட இருக்க வரும் பக்கத்து வீட்டம்மா அப்போதுதான் தன் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போயிருந்தாள். கதவைத் திறந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே மூட்டை விழுந்ததுபோல ஒரு சத்தம்.

மாமனார் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துக் கிடந்தார். நாற்காலி எதிர்ப்பக்கம் உருண்டு போயிருந்தது. நெற்றியில் கீறல். ஒரு கை கட்டில் சட்டத்தை விடாமல் பிடித்திருந்தது.

"ஐயோ மாமா! யாரு உங்கள எழுந்திரிக்கச் சொன்னது?"

"கத்தாத. எலும்பெல்லாம் இருக்கிற எடத்துலதான் இருக்கு."

அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். தரையிலிருந்து தூக்குவது வேறு விஷயம். கட்டிலின் உயரம் தரும் உதவி இங்கே இல்லை. ஒருதரம் முயன்றாள், அவர் பல்லைக் கடித்தார். விட்டுவிட்டுத் தலையணையை எடுத்து அவர் தலைக்குக் கீழே வைத்தாள். புருஷனுக்குப் போன் செய்தாள். "லாரி ஒண்ணு பாதி இறங்கிட்டிருக்கு. ஆள மாத்திவிட்டுட்டு வந்துடுறேன்" என்றார்.

காத்திருப்பதைத் தவிர வழியில்லை. சுவரில் சாய்ந்து அவளும் தரையில் உட்கார்ந்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய செருப்பும் நிறைய தூசியும் தெரிந்தன. அறையைத் தரையிலிருந்து பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று நினைத்தாள்.

"ஒரு வாய் தண்ணி குடிக்கிறீங்களா மாமா?"

"வேணாம். குடிச்சா மறுபடி நீதான் தூக்கணும்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குடிக்காத தண்ணீர், நாற்காலி வேண்டாம் என்றது, கட்டிலிலேயே கிடந்தது எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றன.

"அந்த ஆமைக்கு நீதானே மூச்சு விட்ட?" என்றார் அவர், கட்டில் காலைப் பார்த்தபடி.

அவள் தலையணையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஆயுசு பூரா கிரேன் ஓட்டினவன். மேல உக்காந்திருக்கிறவனுக்குக் கீழ இருக்கிற சரக்கு சரியாத் தெரியாது. காதுதான். இரும்பு வடம் நோகும்போது ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் வந்தா நிறுத்திடணும். நிறுத்தாதவன் ஆளைக் கொன்னுடுவான். நான் ஒருநாளும் அதத் தவறவிட்டதில்ல." கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த பிடியை இறுக்கினார். "வீட்ல மட்டும் இவ்வளவு நாளா காதுல விழலையே. ஒரு பொம்மை ஆமை வந்து சொல்ல வேண்டியிருக்கு."

"அது நடிப்பு மாமா."

"பொய் சொல்லாத. உனக்கு நடிக்க வராதுன்னுதானே உன்ன கதாநாயகியா போட மாட்டேங்குறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் கட்டில் சட்டத்தை விட்டுவிட்டு, அந்தக் கையால் தரையைத் தட்டினார். தோளைத் தட்டுவதற்கு அவள் எட்டவில்லை.

"களைப்பா இருக்குதான் மாமா" என்றாள் கடைசியில். "ரொம்பக் களைப்பா இருக்கு. உங்கள தூக்குறதுல மட்டும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் பேசுறத தூக்கிட்டு அலையறேன் பாருங்க, அதுல."

அவர் பாதிக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் எழுந்து போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கவைத்தாள். இந்தத் தடவை முழுவதும் குடித்தார்.

புருஷன் குளிர்க் கிடங்கின் தடித்த கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். தரையில் கிடக்கும் அப்பாவை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் மனதில் இருந்ததெல்லாம் தலைக்கு மேலே, கிரேனின் கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த அப்பாதான்.

"எங்க வலிக்குதுன்னு கேளும்மா" என்றார் அவளிடம்.

"நீங்களே கேளுங்க."

"என்ன?"

"உங்க அப்பா. காது நல்லாத்தான் கேக்குது. நீங்களே கேளுங்க."

"இவ என்ன இந்த நேரத்துல..." என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கோட்டிலிருந்து குளிர் இன்னும் வந்துகொண்டிருந்தது. கீச்சக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். போகாவிட்டால் தன் வாய் சும்மா இருக்காது, இருவருக்குமாகப் பேசிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அடுப்படியிலிருந்து கேட்டாள். துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தாள். பிறகு புருஷனின் குரல், தண்ணீர் வராத குழாய் இருமுவதுபோல:

"எங்க... எங்க வலிக்குது?"

"இடுப்புல" என்றார் மாமனார். கொஞ்சம் கழித்து, "கோட்ட கழட்டு. கோட்டோட தூக்கினா வழுக்கும்."

புருஷனும் அவளுமாகச் சேர்ந்துதான் தூக்கினார்கள். கால்களை அவள் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை, வீக்கம்தான். உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருக்கிறது என்று மருத்துவர் மூன்று பேரையும் சேர்த்துத் திட்டினார். ஒரு நாள் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். அப்பாவும் மகனும் உட்கார்ந்து பழைய கதை பேசவில்லை. கிரேன் ஏணியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் பிசியோ பொண்ணு வந்து முதுகு நோகாமல் தூக்குவது எப்படி என்று மகனுக்குக் காட்டிக்கொடுத்தாள். இடுப்பில் கட்டுகிற கைப்பிடி வைத்த பட்டை ஒன்றும் வந்தது. காலையில் தூக்குகிற முறை புருஷனுடையது என்று கீச்சக்கா சொல்லிவிட்டாள். முதல் வாரம் முழுக்க அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். முகத்தையும் தூக்கினார், அப்பாவையும் தூக்கினார். பழக்கதோஷத்தில் எப்போதாவது "அவர்கிட்ட சொல்லு" என்று வரும். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சொல்ல வேண்டியதை அவரே சொல்ல வேண்டிவரும், சுருக்கமாக, எரிச்சலோடு.

மாமனார் விளையாட்டை விடவில்லை. ஆமையையும் விடவில்லை. அது உட்காரும்போது இப்போது யாரும் முகத்தை மாற்றிக்கொள்வதில்லை.

கம்பெனியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். ஆமை வளர்ந்து பெரிய ஆமையாகிவிட்டதாம். ஓட்டில் குழாய்களும் கூடிவிட்டனவாம். தண்ணீர் தீர்ந்துபோகும்போது இன்னும் கனமான மூச்சு வேண்டுமாம். "வருமாக்கா?" என்று கவலையோடு கேட்டாள் கம்பெனிப் பெண். கீச்சக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். வருவதற்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. முதல் தடவையிலேயே வந்துவிட்டது. சவுண்டு தம்பி கட்டைவிரலை உயர்த்தினான்.

மறுநாள் விடுமுறை. விடிந்து நேரமாகியும் கீச்சக்கா படுக்கையிலேயே கிடந்தாள். அடுத்த அறையிலிருந்து குரல்கள் கேட்டன.

"இடது கால முன்னால வை. உன் இடது காலு! என் காலு இல்ல!"

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க. நான் எண்ணும்போது எழுந்திரிங்க."

"எதுவரைக்கும் எண்ணப்போற? எனக்கு அவசரமா வருது."

"அவசரம்னா நேத்தே சொல்லியிருக்கணும்."

"நேத்து எப்படிடா தெரியும்?"

ஏதோ இடித்தது. டம்ளர் உருண்டது. கீச்சக்கா முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்தாள். அந்தப் பக்கம் இருவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே போனார்கள். நாற்காலியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு கழிப்பறைப் பக்கம் நகர்ந்தது. அவள் மறுபடி படுத்து, போர்வையைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.